ஐம்பத்திரண்டாவது டவுட்

வரதா,

"நலம், நலமறிய ஆவல்" என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நம் வீட்டில் பாதிக் கெடுதல் அந்த நலத்தால்தான் வந்தது. நீ பட்டாளத்தில் இருந்த பதினேழு வருஷமும் போனில் "என்னம்மா விசேஷம்?" என்பாய். நான் "ஒண்ணுமில்லப்பா, எல்லாரும் நல்லாருக்கோம்" என்பேன். "நீ எப்படிப்பா இருக்க?" என்று கேட்டால், "நல்லாருக்கேம்மா, ஒண்ணுமில்ல" என்பாய். சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் இதையும் இருவரும் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒண்ணுமில்லை என்பதை இவ்வளவு சத்தமாகச் சொல்லிக்கொண்ட அம்மாவும் பிள்ளையும் உடையார்பாளையம் வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நீயும் சுமதியும் குரும்பலூரில் அவள் தம்பி மகளின் காதுகுத்துக்குப் போய் இன்றோடு மூன்று நாள் ஆகிறது. சாயங்காலம் பஸ் ஏறுவோம் என்று காலையில் சுமதி போன் செய்தாள். நீங்கள் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று, குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லக்கூடாதா என்று நீ நினைக்கலாம். நேரில் என்றால் பாதியிலேயே "சரி விடு" என்று எழுந்து போய்விடுவேன். முப்பது வருஷம் சத்துணவு மையத்தில் பிள்ளைகளை அதட்டியே பழகிய வாய் இது. அதற்குப் பணிந்து பேசத் தெரியாது, கைக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உன் நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டியை நீ வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருக்கிறாய். மூன்று வருஷத்தில் நான் அதைத் தொட்டதில்லை. திங்கட்கிழமை நீ வேலையில் சேர உன் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஜெராக்ஸ் வேண்டும் என்று உன் மாமன் தங்கராசு கேட்டான். நீ ஊரில் இல்லை, நாமே எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று திறந்தேன். டிஸ்சார்ஜ் புத்தகம் மேலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூடியிருக்கலாம். அதற்குக் கீழே இருந்த உன் கல்லூரி நோட்டுகளையும் எடுத்தேன். அதில் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், நீ வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். அதை உனக்கே ஏன் சொல்கிறேன் என்றால், நீ பார்த்தது வேறு, நான் செய்தது வேறு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ ஆட்டோவிலிருந்து அந்தப் பெட்டியோடு இறங்கியபோது, எதிர்வீட்டுச் செல்வம் "வாங்க தம்பி, எத்தன நாள் லீவு?" என்று கேட்டார். "லீவு இல்லண்ணே, முடிச்சிட்டு வந்துட்டேன்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டார். அடுத்த வாரமும் அதையே கேட்டார். பொங்கலுக்கும் கேட்டார். ஊரைச் சொல்லி என்ன, நானே உன்னை லீவுக்காரனாகத்தான் வைத்திருந்தேன். கோழி அடித்தால் நல்ல துண்டு உன் தட்டுக்கு வந்தது. புதுத் துண்டை உனக்கென்று பீரோவில் எடுத்து வைத்தேன். கொல்லையில் மோட்டார் ஓடவில்லை என்றால் உன்னிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நானும் சுமதியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது உன் செருப்புச் சத்தம் கேட்டால் சட்டென்று நிறுத்திவிடுவோம். விருந்தாளிக்கு முன்னால் யார் சண்டை போடுவார்கள்? ரேஷன் கார்டில் உன் பெயரைத் திரும்பச் சேர்க்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒருநாள் என்னோடு சாமான் தூக்க வந்த உன்னைப் பார்த்து அந்த ரேஷன் கடைப் பெண் "இதுல உங்க பேரு இல்லியே சார்" என்றாள். "பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாய். எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நீ வந்த கொஞ்ச நாளிலேயே கல்லூரியில் சேரப்போகிறேன் என்றாய். முப்பத்தேழு வயதில் பி.ஏ. வரலாறு. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "உனக்குத்தான் பட்டாளத்துலயே டிகிரி சர்டிபிகேட் குடுத்துட்டாங்களே, இன்னொண்ணு எதுக்குப்பா?" என்று கேட்டேன். பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்டவர்களுக்குக் கொடுக்கும் அந்தக் காகிதத்தை நான்தான் லேமினேட் செய்து டி.வி.க்கு மேலே மாட்டியிருந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "அது நின்னு வாங்குன பட்டம்மா. ஒருதடவ உக்காந்து வாங்கிப் பாக்கணும்" என்றாய். வாழ்நாளில் நீ என்னிடம் எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அதிகமில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனதுக்குள், கொஞ்ச நாளில் தானாக அலுத்துவிடும், பிறகு ஒரு வேலையைப் பார்த்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன்.

வயதைப் பார்க்காமல் உன்னைச் சேர்த்துக்கொண்டது பெரம்பலூர் கல்லூரிதான். அரியலூர் போய், அங்கே பஸ் மாறி, பெரம்பலூர் போக வேண்டும். நீ சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாய். அங்கே நடந்ததையெல்லாம் நீ என்னிடம் சொன்னதில்லை, சுமதியிடம் சொல்வாய், அவள் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். முதல் நாள் கவிதா மேடம் வகுப்புக்குள் வந்ததும் நீ விறைப்பாக எழுந்து நின்ற சத்தத்தில் முன்பெஞ்சுப் பெண்ணின் பேனா கீழே விழுந்ததாமே. பாடம் முடிந்ததும் அவர் "ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்க, மற்றவர்கள் எல்லாம் செல்போனைத் தேடிக்கொண்டிருக்க, நீ ஒருத்தன் மட்டும் "நோ மேடம்!" என்று முழங்கினாயாம். வகுப்பே சிரித்ததாம். பட்டாளத்தில் டவுட் உண்டா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில், இருந்தாலும் இல்லைதான் என்று சுமதிக்கு விளக்கம் சொல்லியிருக்கிறாய். உன்னை அங்கிள் என்று கூப்பிட்ட பிள்ளைகள் ஒரு மாதத்தில் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று கேட்டபோது எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

முதல் தேர்வில் நீ இருபத்தைந்துக்கு ஆறு வாங்கியதும் எனக்குத் தெரியும். சோழர் ஆட்சிமுறையை விவரி என்று கேட்டதற்கு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் போட்டு நாலே வரியில் முடித்துவிட்டாய். எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். "சார், இது ரிப்போர்ட். நான் கேட்டது விவரிக்கச் சொல்லி" என்று அந்த மேடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சுமதியிடம், "நடந்தது அவ்ளோதான, இதுக்கு மேல என்னத்த விவரிக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பழையது ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்ததைப் பார்த்துவிட்டு வந்து, டிரைவர் என்ன நிறத்தில் கைலி கட்டியிருந்தார் என்பதிலிருந்து அரைமணி நேரம் சொன்ன பிள்ளை நீ. உன் அப்பா கை கழுவாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாய் நாலு வரியாகச் சுருங்கியதற்குப் பட்டாளத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போனில் நீ நாலு வார்த்தைக்கு மேல் பேச நான் எப்போது இடம் கொடுத்தேன்?

இப்போது தங்கராசு விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி கெட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைகளுக்குக் காவலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் சூப்பர்வைசராக இருப்பதால், முன்னாள் ராணுவத்தான் எவனைப் பார்த்தாலும் அவனுக்கு ஒரு கேட் கண்ணுக்குத் தெரியும். போன மாதம் வந்தவன், "அக்கா, மாப்ளைக்கு ஒரு எடம் வந்துருக்கு. எக்ஸ் சர்வீஸ்மேன்னா கேள்வியே கேக்க மாட்டாங்க. யூனிபார்ம மாட்டிக்கிட்டு கேட்ல நிக்க வேண்டியதுதான்" என்றான். திங்கட்கிழமை சேர வேண்டும், முதல் ஒரு மாதம் லீவே கிடையாது என்றான். அதே திங்கட்கிழமைதான் உனக்குக் கடைசிப் பருவத் தேர்வு தொடங்குகிறது. எனக்கு அது தெரியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். காலண்டரில் நீ பென்சிலால் சுழித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பரீட்சை அடுத்த தடவையும் எழுதிக்கொள்ளலாம், வேலை வருமா என்று நினைத்துக்கொண்டேன். உன்னைக் கேட்காமலே அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். உன் பழைய பேண்ட்டை அளவுக்குக் கொடுத்து ஜெயங்கொண்டத்தில் யூனிபார்ம் தைக்கவும் போட்டுவிட்டேன். அதற்கு அப்புறம்தான் உன்னிடம் சொன்னேன். நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்காமலே "சரிம்மா" என்றாய்.

அந்தச் சரியை நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன். ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். குரும்பலூருக்குக் கிளம்பும்போது சுமதி சமையலறைக்கு வந்து, "அத்தை, அவரு சரின்னு சொன்னா அதுக்கு சரின்னு அர்த்தமில்ல" என்றாள். "பின்ன என்னடி அர்த்தம்?" என்று அதட்டினேன். "உத்தரவுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உன்னைப் பெற்றவள் நான். உன் ஒரு வார்த்தைக்கு அவளிடம் போய் அர்த்தம் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது. அந்த எரிச்சலோடுதான் பெட்டியைத் திறந்தேன் என்று வைத்துக்கொள்.

நோட்டுகளில் முன்பக்கமெல்லாம் பாடம். உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்தாகவே இருக்கிறது. ஒரு நோட்டைத் திருப்பினால் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக இன்னொரு எழுத்து. மேலே "டவுட்" என்று கோடு போட்டு, கீழே நம்பர், தேதி, கேள்வி. ஒன்றில் தொடங்கி ஐம்பத்திரண்டு வரைக்கும். வகுப்பில் "நோ மேடம்" என்று முழங்கிவிட்டு, பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் எழுதியிருக்கிறாய். குலுங்கிய எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பாதி எனக்குப் புரியவில்லை. சிலது புரிந்தது. ஒன்பது: "எழுந்து நிற்காமல் பதில் சொன்னால் மரியாதைக் குறைவா?" பத்தொன்பது: "சோழப்படை கங்கை வரை போய் வந்தது என்று பாடத்தில் உள்ளது. போன சிப்பாய்கள் ஊர் திரும்பி என்ன வேலை செய்தார்கள்? பாடத்தில் இல்லை." நம் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான், அந்தப் படை ஜெயித்து வந்ததற்காக ராஜா கட்டிய கோவிலின் கோபுரம் நிற்கிறது. பஸ்ஸில் எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ராஜா போனார், ஜெயித்தார், வந்தார் என்பதோடு நானும் நிறுத்திக்கொண்டேன். கூடப் போனவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அவன் வந்து இறங்கியபோது எத்தனை நாள் லீவு என்று ஒருத்தர் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்படியே புரட்டிக்கொண்டு போய்க் கடைசி டவுட்டுக்கு வந்தேன். போன மாதத் தேதி, தங்கராசு வந்துபோன வாரம். ஐம்பத்திரண்டு: "அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா? யாரிடம் கேட்பது? அம்மாவிடம் கேட்டால் ஒண்ணுமில்லை என்பாள்."

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. நோட்டை மூடி வைத்தேன், திரும்ப எடுத்தேன். வரலாற்று நோட்டில் போய் இதை எழுதியிருக்கிறாயே என்று முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. என் குணம் உனக்குத் தெரியாததா. அழுவதற்கு முன்னால் ஒருதரம் யாரையாவது திட்டியாக வேண்டும். பிறகு யோசித்துப் பார்த்தால், வேறு எங்கே எழுதுவாய்? உனக்குத் தெரியாததை எழுதி வைக்கலாம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்த இடம் அந்தக் கல்லூரி ஒன்றுதான். நான் சொல்லிக்கொடுத்தது மறைக்க மட்டும்தான்.

நேற்று புதன்கிழமை, காதுகுத்து வீட்டில் நீங்கள் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் பெரம்பலூரில் உன் கல்லூரியில் இருந்தேன். உங்கள் யாருக்கும் சொல்லவில்லை. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் ஏறிப் போனேன். கேட்டில் நின்ற காவல்காரர் "யாரைப் பாக்கணும்மா?" என்றார். "வரலாறு கவிதா மேடம். என் புள்ள இங்க படிக்கிறான்" என்றேன். "என்ன இயர்?" "மூணாவது வருஷம். வயசு நாப்பது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்பினார். அந்த மேடம் நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். "என் புள்ள படிப்பானாங்க?" என்று கேட்டேன். எனக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "நல்லாப் படிப்பாருங்கம்மா. ஆனா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றார். நான் நோட்டைத் திருப்பிப் பத்தொன்பதாம் டவுட்டைக் காட்டினேன். மற்றதை விரலால் மறைத்துக்கொண்டேன், அந்த அளவுக்கு எனக்கும் நாகரிகம் உண்டு. அவர் இரண்டு தரம் படித்தார். "இத ஏங்க இத்தன நாளா கேக்கல? எனக்கே தெரியாதும்மா. யாராவது எழுதிருக்காங்களான்னும் தெரியல. தேடித்தான் பாக்கணும்" என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "எம்.ஏ.வுக்கு மேல இத வெச்சே ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணலாங்க. அவரையே பண்ணச் சொல்லுங்க" என்றார். உன் டவுட்டை உனக்குப் பதிலாக நான் போய்க் கேட்டுவிட்டு வந்தது இரண்டாவது தப்பு. இதற்கு நான் வருத்தப்படவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதையும் நீ எங்களிடம் சொன்னதில்லை. இந்த வருஷம் வரதராஜன்பேட்டையிலிருந்து ஒருவரும் செந்துறையிலிருந்து ஒருவரும் பட்டாளத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்களாம். இருவரும் முதல் மாதமே நின்றுவிடப் பார்த்தார்களாம். மத்தியானத்தில் நூலகத்தில் அவர்களை உட்கார வைத்து, விவரி என்றால் எப்படி எழுதுவது என்று நீதான் சொல்லித் தருகிறாயாம். "'எதிர்ல இருக்கறவருக்கு எதுவுமே தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு எழுதுங்க. மேல இருந்து பாக்கற ஆபீசருக்கு எழுதாதீங்க, வீட்ல காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு எழுதுங்க'ன்னு சொல்றாருங்கம்மா. நானே அத மத்த பிள்ளைங்களுக்குச் சொல்றேன்" என்றார். கிளம்பும்போது அவர்தான், "ஹால் டிக்கெட் இன்னும் வாங்காம இருக்காரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் ஆபீஸ்ல இருக்கும்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நீ என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பரீட்சை எழுத வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கிறாய்.

இனி உன் ஐம்பத்திரண்டாவது டவுட்டுக்குப் பதில் எழுதுகிறேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

கேட்டார். ஒரு தடவை இல்லை, கடைசி இரண்டு மாதமும் கேட்டார். ஏழு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவேன். நீ போன் செய்யும்போது "முந்திரிக் கொல்லைக்குப் போயிருக்காருப்பா" என்பேன். பல நாள் அவர் பக்கத்துக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போது நீ நாயக், ஹவில்தார் ஆவதற்கான பயிற்சியில் இருந்தாய். "இத நடுவுல விட்டா மறுபடி எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதும்மா" என்று ஒருநாள் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சுமதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் இறந்த செய்தி கேட்டு நீ வந்து சேர்ந்தபோது பால் தெளிப்பும் முடிந்துவிட்டது. திடீரென்று மாரடைப்பு என்று உன்னிடம் சொன்னேன். கருமாதிக்கு முன்னாலேயே யார் வாயிலிருந்தோ உனக்கு நோய் விஷயம் தெரிந்துவிட்டது. நீ கேட்கவில்லை. உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான் வருகிறது. "வரதனுக்குப் போன் போட்டியா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "போட்டேன், லீவு குடுக்க மாட்டேங்கறாங்களாம்" என்று சொன்னேன். நம்பிவிட்டார். ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்தவர், "நீதான் நல்லா எழுதுவியே. அந்த ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுது. அப்பன் கேக்கறான்னு எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவரே கையெழுத்துப் போட்டார். மறுநாள் "போஸ்ட் பண்ணிட்டியா?" என்றார், பண்ணிவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு தபால்காரர் தெருவில் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். "பதில் வல்லியா?" என்பார். "பட்டாளத்துக்காரனுக்கு ஈவு எரக்கமே கெடையாதாடி" என்பார். அவருக்குக் கோபம் உன் மேல் இல்லை. அந்த ஆபீசர் மேல்தான் கோபம், அவரைத் திட்டிக்கொண்டேதான் போனார். முகம் தெரியாத அந்த மனுஷன் ஒரு பாவமும் செய்யவில்லை. அவர் மேல் விழுந்த திட்டெல்லாம் என் மேல் விழ வேண்டியது.

அந்தக் கடிதத்தை நான் போஸ்ட் செய்யவில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, என் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்தேன். இத்துடன் அதையும் வைக்கிறேன். "ஐயா, என் மகன் வரதராஜன் உங்களிடம் வேலை செய்கிறான். எனக்கு உடம்பு சரியில்லை. பத்து நாள் லீவு கொடுத்து அனுப்பினால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன். நல்ல பையன், லீவு முடிந்ததும் சரியாக வந்துவிடுவான்" என்று இருக்கும். எழுத்து என்னுடையது, பேச்சு அவருடையது. ஓரத்தில் இருக்கும் கறை அவர் குடித்த கஞ்சி.

அன்று உன் பயிற்சி கெட்டுவிடும் என்று உன்னை அப்பாவிடம் வரவிடாமல் செய்தேன். இன்று ஒரு வேலைக்காக உன்னைப் பரீட்சைக்குப் போகவிடாமல் செய்யப் பார்த்தேன். இரண்டு தடவையும் உன் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன், இரண்டு தடவையும் உன்னைக் கேட்கவில்லை. நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய், உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன்னிடம் வந்து உட்காருகிற அந்த இரண்டு பேருக்கும் பதில் எழுதச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாதே, வீட்டில் போய்க் கேட்கவும் சொல்லிக்கொடு. அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி நல்லாருக்கோம் என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். அதனால்தான் இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. உனக்குச் சரியென்று பட்டால் அவர்களும் படிக்கட்டும்.

யூனிபார்மை இன்று காலை தங்கராசு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். "என்னக்கா, என் மானத்த வாங்குறியே" என்றான். "அவன் நின்னது போதும்டா" என்றேன். கோபித்துக்கொண்டு காபிகூடக் கொடுக்கவில்லை. நான்கு நாளில் சரியாகிவிடுவான். நாளைக்கு முதல் பஸ்ஸில் போய் ஹால் டிக்கெட்டை வாங்கு. வரும் வழியில் ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்களாம், கார்டைக் கொண்டு போ. கொல்லையில் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை, பரீட்சை முடிந்ததும் நீ பார்.

கடைசியாக, எனக்கும் ஒரு டவுட் இருக்கிறது. உன் நோட்டில் ஐம்பத்திரண்டுக்குக் கீழே என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஐம்பத்து மூன்று: "அம்மா மேல் உனக்கு என்ன கோபம்?" நம்பர் போட்டு நாலு வரியில் முடிக்காதே. ஒண்ணுமில்லை என்று சொல்லாதே. சரிம்மா என்று மட்டும் சொல்லவே சொல்லாதே. பரீட்சை எல்லாம் எழுதி முடித்துவிட்டு வந்து, என் எதிரில் உட்கார். விவரி.

அம்மா